பதினொன்றிலும் சரி

அக்டோபர் 12, வியாழன்

காலையில் வீட்டுக்காரருக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிவிட்டு, கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக் கிளம்புவதற்குள் எட்டு ஐம்பது பஸ் போய்விட்டது. பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கை இன்னும் தட்டு வரைக்கும் வரவில்லை. பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது.

எங்கள் ‘கொண்டை ஊசி’ போன் விளையாட்டின் புதுப் பதிப்பு இன்று என் மேசைக்கு வந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறை வரைக்கும் நாற்பது வளைவிலும் லாரியை ஏற்றிக்கொண்டு போகிற விளையாட்டு. சத்தத்துக்கு இத்தனை நாள் இருந்த லைப்ரரியை, அதாவது ரெடிமேட் புரோகிராமை, எடுத்துவிட்டு, கோடு எழுதுகிற முபீனா அதன் புதுப் பதிப்பைச் சேர்த்திருக்கிறாள். ஏர் ஹாரன் அடித்தால் பின்னால் நிஜ லாரி நிற்கிற மாதிரி இருக்கிறது. பழசும் புதுசுமாகப் பதினொரு போன்களில் போட்டுப் பார்த்து டிக் அடித்துக் கொடுப்பது என் வேலை. பதினொன்றிலும் பார்த்தாயிற்று. சரியாக இருக்கிறது.

மூன்றரைக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீடு சேர ஆறே முக்கால். ரசம், அப்பளம்.

அக்டோபர் 13, வெள்ளி

பதினோரு மணிக்கு வெளியிட்டாயிற்று. அதற்கு முன்னால் முபீனா ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினாள். ‘ஆளியாறு’ என்று வந்திருந்தது. முதலாளி தயானந்தன் சார் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். எனக்கு வந்ததைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். அவர் சிந்தாமல் சாப்பிட்டார்.

அக்டோபர் 14, சனி

லீவு நாள். கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்தபோது முபீனா போன் செய்தாள்.

“அக்கா, கேம் ஓபனே ஆகலைங்கறாங்க.”

“யாரு?”

“நெறய பேரு. நானூறு கம்ப்ளெயிண்ட் வந்திருக்குதுக்கா.”

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்காவிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன். நான் போகும்போது அந்த நானூறு, ஆயிரத்து இருநூறு ஆகியிருந்தது. எல்லாம் ஒரே கதைதான். தொட்டால் லாரிப் படம் ஒரு நொடி வருகிறது, திரை கறுப்பாகிறது, வெளியே வந்துவிடுகிறது. ஒருத்தர், “வண்டி ஸ்டார்ட் ஆகறதுக்குள்ளயே கவுந்துருச்சு” என்று எழுதியிருந்தார். அதைப் படித்து ஒருவரும் சிரிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் ஒன்று தெரிந்தது. பழைய போன்களில் மட்டும்தான் இப்படி. புது லைப்ரரி அந்தப் போன்களின் சிப்புக்கு ஒத்துவரவில்லை. எங்கள் விளையாட்டை ஆடுகிறவர்களில் பாதிப் பேர் பழைய போன்காரர்கள்.

முபீனா குழந்தையைத் தூக்கிக்கொண்டே வந்திருந்தாள். எட்டு மாதக் குழந்தை. பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கீபோர்டு. நான் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

இன்றும் ஆபீஸ். துணி ஊறவைத்தது ஊறவைத்தபடியே கிடக்கிறது.

அக்டோபர் 16, திங்கள்

பழைய லைப்ரரியையே திரும்பப் போட்டு மறுபடியும் வெளியிட்டோம். திறக்கிறது. ஆனால் நேற்றும் முந்தாநாளும் எத்தனையோ பேர் விளையாட்டை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். அவர்கள் ஏறிய வளைவெல்லாம் போய்விட்டது. உடுமலையிலிருந்து ஒரு லாரிக்காரர் ஆபீஸ் நம்பருக்கே கூப்பிட்டார். லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் ஆடுவாராம், முப்பத்தொன்பதாவது வளைவு வரைக்கும் வந்திருந்தாராம். “மறுபடியும் மொதல்ல இருந்து என்னால ஆவாதும்மா” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

சாயங்காலம் சார் எங்களை உட்காரவைத்துப் பேசினார். என்னுடைய டிக் தாளைப் பெரிய திரையில் போட்டார். பதினொரு வரி, பதினொரு பச்சை.

“அக்கா வியாழக்கிழமை பார்த்தப்ப பதினொண்ணுலயும் ஓடியிருக்குது. வெள்ளிக்கிழமை வெளிய போனது ஓடலை. நடுவுல கை வெச்சது நீங்க மட்டும்தான் முபீனா.”

“ஒரு எழுத்துதான் சார் மாத்துனேன்.”

“அதுக்காக முழு கேமையும் திரும்ப பில்டு பண்ணுனீங்க இல்லீங்களா? லைப்ரரி அப்ப தானா வேற பதிப்புக்கு மாறியிருக்கணும்.”

“இல்லைங்க சார். வியாழக்கிழமையே அந்த லைப்ரரிதான்.”

“அப்ப அக்கா பார்த்தப்ப எப்படிங்க ஓடுச்சு?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் சுளுக்கு மாதிரி ஒரு வலி, காலையிலிருந்தே இருக்கிறது. தைலம் வாங்க வேண்டும்.

அக்டோபர் 17, செவ்வாய்

பிசியோதெரபி பையன் வரவில்லை. நானே அவரைச் சுவரைப் பிடித்து நடக்கவைத்தேன். பதினெட்டு அடி வைத்தார்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது, நாலாம் நம்பர், ஏழாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் போன்களில் வியாழக்கிழமைப் பதிப்பை ஏற்றிப் பார்த்தேன். சும்மாதான், பார்க்கலாமே என்று. மூன்றிலும் திறக்கவில்லை. அழித்துவிட்டு, போன்களைத் துடைத்துத் தட்டில் வைத்தேன்.

சுண்டைக்காய் வற்றல் தீர்ந்துவிட்டது.

கை கழுவுகிற இடத்தில் முபீனா கேட்டாள்: “அக்கா, ஒருவேளை நாந்தான் மாத்திட்டேனா? பாப்பா ராத்திரி தூங்கறதே இல்லை. வெள்ளிக்கிழமை காலைல நான் என்ன செஞ்சேன்னு யோசிச்சா ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்குது. டீ குடிச்சனான்னுகூடத் தெரியலை.”

“அப்படியெல்லாம் இருக்காது கண்ணு” என்றேன்.

“நீங்க பதினொண்ணுலயும் பார்த்திருக்கீங்க. அப்ப நாந்தானே?”

குழாயைச் சரியாக மூடாமல் விட்டிருந்தார்கள். மூடிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 18, புதன்

ரேஷன் கடை. பருப்பு இல்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

அக்டோபர் 19, வியாழன்

சார் வீட்டுக்கு வந்தார். சொல்லாமல் கொள்ளாமல், சாயங்காலம் ஆறு மணிக்கு, கையில் சாத்துக்குடிப் பையோடு. இந்த வழியாகப் போனாராம். நான் வீட்டுக்குள் நுழைந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சேரில் கிடந்த துணியை அள்ளி உள்ளே போட்டுவிட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

சார் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, “எப்படி இருக்கறீங்கண்ணா? போன வாரம் கீழ விழுந்துட்டீங்களாமே, அடி ஏதாச்சும் பட்டுச்சுங்களா?” என்று கேட்டார்.

அன்றைக்கு மூன்றரைக்குக் கிளம்பும்போது நான் சாரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

தண்ணீர்ச் செம்போடு நின்றேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவருக்கு ஒரு சொல்லைக் கூட்டிச் சேர்க்க எப்போதுமே நேரமாகும், அதனால் சாருக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

“ஆமாங்க” என்றார். “பாத்ரூம்ல... வழுக்கிருச்சு. இப்ப... பரவால்லீங்க.”

“பார்த்து இருங்கண்ணா. அக்கா பாவம், அன்னைக்கு முகமே செத்துப் போயிருச்சு. அப்படியும் பதினொரு போனையும் பார்த்து முடிச்சுட்டுத்தான் கிளம்புனாங்க. அந்தப் பொறுப்பு இப்ப யாருக்குங்க வருது?”

காபி குடித்துவிட்டுச் சார் போனார். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். இவர் ஏதாவது கேட்பார் என்று அடுப்படியிலேயே நின்றிருந்தேன். கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து, “சாத்துக்குடி... பிழியறயா?” என்றார். பிழிந்து கொடுத்தேன்.

அக்டோபர் 20, வெள்ளி

அடுத்த மாதத்திலிருந்து விளையாட்டில் விளம்பரம் கொடுப்பதாக இருந்த டயர் கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்காகத்தான் அவசரமாகப் புதுப் பதிப்பு போட்டோம். சார் ரொம்ப நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் முபீனாவைக் கூப்பிட்டார். கால் மணி நேரத்தில் அவள் வெளியே வந்து, மேசையிலிருந்த தண்ணீர் பாட்டில், சார்ஜர், குழந்தையின் படம், எல்லாவற்றையும் பையில் போட்டாள்.

“விளக்கம் எழுதிக் குடுக்கச் சொல்றாருக்கா. அது வரைக்கும் வர வேண்டாமாம். என்னன்னு எழுதறது? செய்யலைன்னு எழுதவும் பயமா இருக்குது, செஞ்சேன்னு எழுதவும் மனசு வரலை.”

நான் அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தேன். சிக்கிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 21, சனி

இன்று முழுக்க வீட்டில்தான் இருந்தேன். துணி துவைத்தேன். மிளகாய் காயவைத்தேன். அவருக்கு முடி வெட்ட ஆள் வந்து போனார்.

இந்த நோட்டை நான்தான் வாங்கினேன், நான்தான் எழுதுகிறேன், வேறு யாரும் படிக்கப்போவதில்லை. இதிலும் பொய் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு எட்டுப் போன்களில்தான் பார்த்தேன். நாலு, ஏழு, ஒன்பது மூன்றும் பழசு. சார்ஜ் நிற்காது. வயரைக் குத்திக் காத்திருந்து, ஏற்றி, திறந்து பார்க்க ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆறு வருஷமாக அந்த மூன்றிலும் ஒரு தடவைகூட எதுவும் தப்பாகப் போனதில்லை. டிக் அடித்தேன். மூன்று டிக், மூன்று நொடி.

அவர் விழவும் இல்லை. வீட்டிலிருந்து போன் எதுவும் வரவில்லை. சாரிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்தபோது வாயில் முதலில் வந்தது அதுதான். நான் எங்கே போனேன் என்பதை எழுதி என்ன ஆகப்போகிறது?

அக்டோபர் 22, ஞாயிறு

ஒட்டடை அடித்தேன். ஜன்னல் துடைத்தேன். அவர் கட்டிலில் இருந்தபடியே இடது கையால் மேலே காட்டிக் காட்டி, விட்டுப்போன மூலையைச் சொன்னார். அந்தப் பொய்யைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

ஆபீஸில் பூஜை. கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பதினொரு போனையும் தட்டோடு கொண்டுவந்து வைக்கச் சொன்னார் சார். கூட வேலை பார்க்கிற கல்பனாவும் நானும் பொட்டு வைத்தோம். முபீனா எப்போதும் பூஜைக்கு நிற்பாள், பொரியும் கடலையும் முதலில் கேட்பது அவள்தான். “முபீனா வரலையா?” என்று கல்பனா கேட்டாள். சார் தேங்காயைக் கையில் எடுத்தார்.

தேங்காய் உடைத்து முடித்ததும் நான் சாரின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றபடியே சொன்னேன்.

“சார், நான் எட்டுலதாங்க பார்த்தேன்.”

“என்னதுங்கக்கா?”

“போனுங்க. நாலு, ஏழு, ஒம்பது மூணையும் நான் தொடவே இல்லைங்க. பார்க்காமயே டிக் அடிச்சுட்டேன். வியாழக்கிழமைப் பதிப்பும் அதுல ஓடாதுங்க. போன செவ்வாய்க்கிழமை போட்டுப் பார்த்தேன். முபீனா எதையும் மாத்தலீங்க.”

வெளியே எலுமிச்சம்பழத்தின் மேல் யாரோ ஸ்கூட்டரை ஏற்றுகிற சத்தம், சிரிப்புச் சத்தம்.

“செவ்வாய்க்கிழமையே தெரியுமாக்கா?”

“தெரியுங்க.”

“வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணை நான் அனுப்பும்போதும் நீங்க வெளியத்தான் இருந்தீங்க.”

“இருந்தேனுங்க.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கோபத்தைவிடக் களைப்புத்தான் தெரிந்தது. எனக்காக ஒரு வழியை அவரே தேடினார்.

“சரி, அன்னைக்கு அண்ணன் விழுந்துட்டாரு. போன் வந்திருக்கும். அந்தப் பதட்டத்துல ஓடியிருப்பீங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான். நான் எல்லார்கிட்டயும் அப்படிச் சொல்லிடறேன்.”

தலையை ஆட்டினால் போதும். அந்தக் கதவு வழியாக வெளியே வந்துவிடலாம். வீட்டில் அவரும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறார். ஆட்டத்தான் இருந்தேன்.

“அவரு விழலீங்க சார்” என்றேன்.

“வீட்டுல நான் கேட்டப்ப அண்ணன் சொன்னாரே?”

“எனக்காகச் சொன்னாருங்க. எனக்கு அன்னைக்கு முடியலை. வேற ஒண்ணும் இல்லைங்க, முடியலை. அதான் போயிட்டேன்.”

சார் மேசை மேலிருந்த விபூதித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முபீனாவிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்று கேட்டேன். சரி என்றார்.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி, லீவு. கரும்புக்கடை ஏரியாவுக்குப் போனேன். முபீனா வீடு இரண்டாவது மாடி. குழந்தை பாயில் தவழ்ந்து, என் செருப்பை நோக்கி வந்துகொண்டே இருந்தது. அவள் தூக்கித் தூக்கி உள்ளே விட்டாள். டீ போட எழுந்தவளை உட்காரச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். வரும் வழியில் பஸ்ஸில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

முபீனா அழவில்லை. கத்தவும் இல்லை.

“எட்டு நாளுக்கா” என்றாள். “எட்டு நாளா எனக்குப் புத்தி மழுங்கிருச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி, டாக்டரைப் பார்க்க வெள்ளிக்கிழமைக்கு டோக்கன் போட்டிருக்குது. புள்ளையக் குளிப்பாட்டும்போதுகூடப் பயம். தண்ணிய எங்க வெச்சேன், அடுப்ப அணைச்சனான்னு ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு தடவ பார்க்கறேன்.”

“தப்புத்தான் கண்ணு.”

“அன்னைக்குக் கை கழுவுற எடத்துல கேட்டேன். அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்.”

“ஏங்கக்கா சொல்லலை?”

எனக்கு நாற்பத்தாறு வயது, இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது, வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. இதெல்லாம் அவளுக்கும் தெரியும். அதைச் சொன்னால் அவள் ‘பரவாயில்லைக்கா’ என்று சொல்ல வேண்டியதாகிவிடும். சொல்லவில்லை.

“பயம்” என்றேன்.

அவள் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “நீங்க கிளம்புங்கக்கா” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். படி இறங்கும்போது மேலிருந்து கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, மெதுவாக.

அக்டோபர் 25, புதன்

முபீனா வந்துவிட்டாள். சார் எல்லாரையும் நிற்கவைத்து, தவறு முபீனாவுடையது இல்லை, தான் அவசரப்பட்டுவிட்டதாகச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டார். என் பெயரை அவர் சொல்லவில்லை. நான் சொன்னேன். கல்பனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் உள்ளே கூப்பிட்டு, “டிசம்பர் முடிய இருங்கக்கா. அப்புறம் பார்க்கலாம்” என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’ எந்தப் பார்க்கலாம் என்று எனக்குத் தெரியும். இனி நான் பார்ப்பதைக் கல்பனாவும் ஒரு தடவை பார்ப்பாள். சரிங்க சார் என்றேன்.

முபீனா என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசினாள். டாக்டர் டோக்கனைக் கேன்சல் செய்துவிட்டதாகக் கல்பனாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மத்தியானம் வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அக்டோபர் 26, வியாழன்

சாயங்காலம் வந்து அவரைப் பின்பக்கம் சேரில் உட்காரவைத்து, வெந்நீரில் துண்டை முக்கி முதுகு துடைத்துவிட்டேன். வேலை டிசம்பர் வரைக்கும்தான் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன், போன், டிக், முபீனா, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முதுகு பக்கம் நின்று சொன்னதால் சுலபமாக இருந்தது.

துண்டைப் பிழியும்போது கேட்டார்.

“அன்னைக்கு... எங்க போன?”

ஒரு வாரமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. முன்பக்கம் வந்து, துவைக்கிற கல் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“எங்கயும் போகலீங்க. காந்திபுரத்துல எறங்குனேன். நம்ம பஸ்ஸுக்கு நடந்து போகும்போது, மருதமலை பஸ் காலியா நின்னுட்டு இருந்துச்சு. ஏறிட்டேன்.”

“கோயிலுக்கா?”

“இல்லீங்க. கடைசி ஸ்டாப்புல எல்லாரும் எறங்குனாங்க. ‘எறங்கலீங்களாம்மா?’ன்னு கண்டக்டர் கேட்டாரு. திரும்பிப் போகணும்னு சொன்னேன். ஒரு மாதிரி பார்த்துட்டு, இன்னொரு டிக்கெட் கிழிச்சுக் குடுத்தாரு. அதே சீட்டுல அப்படியே உக்காந்து வந்துட்டேன். உங்களை விட்டுட்டுப் போகணும்னெல்லாம் நெனைக்கலீங்க. எதையுமே நெனைக்கலை. ரெண்டு மணி நேரம் யாருக்கும் எதுவும் செய்யாம இருந்தேன், அவ்வளவுதான்.”

துண்டிலிருந்து தண்ணீர் என் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் உதடு அசைந்தது, நின்றது, மறுபடியும் அசைந்தது. சொல் சேரும் வரைக்கும் காத்திருந்தேன். எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று இருந்தேன்.

“சீட்டு...” என்றார். “ஜன்னலோரமா?”

“ஆமாங்க” என்றேன்.

நல்லது என்கிற மாதிரித் தலையை ஆட்டினார்.